பனாமா கால்வாய்: சின்னப் படகோ, பெரிய கப்பலோ... கடக்க 20 கோடி லிட்டர் தண்ணீர் ஏன்?

சொந்தப் படகில் உலகம் சுற்றுபவர்களுக்கு பனாமா கால்வாய் ஒரு பெரிய கனவு. அட்லாண்டிக் பக்கம் நுழைந்து, நடுவில் ஒரு ஏரியைக் கடந்து, பசிபிக் பக்கம் வெளியே வந்துவிடலாம். தென் அமெரிக்காவையே சுற்றிப் போக வேண்டிய வேலை மிச்சம். ஆனால் இந்தக் கால்வாய் ஓடுவது கடல் தண்ணீரில் இல்லை, மழைத் தண்ணீரில். பிரச்னையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மலை மேல ஏறும் கப்பல்

இரண்டு கடலையும் நேராக வெட்டி இணைத்த வாய்க்கால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. மலையைக் கடல் மட்டம் வரை வெட்டுவது முடியாத காரியம் என்பதால், சாக்ரெஸ் ஆற்றின் குறுக்கே அணை கட்டி, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 26 மீட்டர் உயரத்தில் கட்டூன் ஏரியை உருவாக்கினார்கள். கால்வாய் 1914 ஆகஸ்ட் 15-ல் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 80 கிலோமீட்டர்.

அந்த உயரத்துக்கு கப்பலைத் தூக்குவதுதான் 'லாக்' எனப்படும் கதவுத் தொட்டிகளின் வேலை. கப்பல் உள்ளே வந்ததும் கதவு மூடும். மேலே இருக்கும் ஏரித் தண்ணீர் குழாய் வழியாகத் தொட்டிக்குள் இறங்கும், கப்பல் மேலே மிதக்கும். இதற்கு பம்ப் எதுவும் கிடையாது. அட்லாண்டிக் பக்கம் கட்டூனில் மூன்று படி ஏற வேண்டும். பசிபிக் பக்கம் பெட்ரோ மிகுவேலில் ஒரு படி, மிராஃப்ளோரஸில் இரண்டு படி இறங்க வேண்டும்.

ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஏரித் தண்ணீர் கடலுக்குப் போய்விடும். இப்படி ஒரு பயணத்துக்குச் செலவாகும் நல்ல தண்ணீர் சுமார் 20 கோடி லிட்டர்.

தனிப் படகுக்கும் அவ்வளவு தண்ணியா?

தொட்டியின் அளவு மாறாது. 300 மீட்டர் கப்பல் வந்தாலும், 12 மீட்டர் பாய்மரப் படகு வந்தாலும் அதே தொட்டியைத்தான் நிரப்பியாக வேண்டும். ஆனால் கட்டணம் அப்படி இல்லை. 1928-ல் ரிச்சர்ட் ஹாலிபர்ட்டன் என்ற அமெரிக்கர் இந்தக் கால்வாயை நீந்தியே கடந்தார். அவருடைய எடைக்கு வசூலித்த கட்டணம் வெறும் 36 சென்ட்!

அதனால்தான் சின்னப் படகுகளை இரண்டு மூன்றாகச் சேர்த்துக் கட்டி, பெரும்பாலும் ஒரு பெரிய கப்பலோடு ஒரே தொட்டியில் அனுப்புகிறார்கள். தொட்டிக்குள் தண்ணீர் சுழன்று அடிக்கும் என்பதால், படகோட்டி தவிர கயிறு பிடிக்க மட்டும் நாலு பேர் படகில் இருக்க வேண்டும். கால்வாய் நிர்வாகத்தின் ஆலோசகர் ஒருவரும் ஏறுவார். பல படகுகள் இரவில் ஏரியிலேயே நங்கூரமிட்டு, மறுநாள்தான் இறங்குகின்றன. ஏரியில் முதலைகள் இருப்பதால், குளிக்கலாம் என்று யாரும் குதித்துவிடக் கூடாது!

2023-ல் நடந்தது என்ன?

எல் நினோவால் மழை பொய்த்தது. 1950-க்குப் பிறகு மிக வறண்ட அக்டோபர் மாதமாக 2023 அக்டோபர் பதிவானது. வழக்கமாக ஒரு நாளைக்கு சுமார் 36 கப்பல்கள் போன இடத்தில், 22 வரை குறைக்கப்பட்டது. வரிசையைத் தாண்டி முன்னால் போக, ஏலத்தில் ஒரு நிறுவனம் கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர் கொடுத்தது. 2024-ல் மழை திரும்பிய பிறகே நிலைமை சீரானது.

2016-ல் திறந்த புதிய பெரிய லாக்குகளில், பக்கத்துத் தொட்டிகளில் சேமித்து 60 சதவீதத் தண்ணீரை மறுபடி பயன்படுத்துகிறார்கள். ஆனால் அந்தத் தொட்டிகள் அளவிலும் பெரியவை. கடலின் உப்பும் மெல்ல ஏரிக்குள் வருகிறது. இது சாதாரண விஷயம் இல்லை. பனாமா மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குடிப்பது இந்த ஏரிகளின் தண்ணீரைத்தான். ஒரு பக்கம் கப்பல், இன்னொரு பக்கம் குடம். இரண்டுக்கும் ஒரே ஏரி.

புது அணை... யாருக்கு லாபம்? யாருக்கு இழப்பு?

நிர்வாகம் சொல்லும் தீர்வு, ரியோ இந்தியோ ஆற்றில் புதிய அணை. அங்கே தேக்கும் தண்ணீரைச் சுரங்கம் வழியாக கட்டூன் ஏரிக்குக் கொண்டுவருவது திட்டம். செலவு சுமார் 160 கோடி டாலர். குடிநீருக்கும் இது அவசியம், இடம்பெயர்வோருக்கு இழப்பீடு உண்டு என்கிறது நிர்வாகம்.

ஆனால் சுமார் 2,000 பேர் ஊரை விட்டுப் போக வேண்டியிருக்கும். விவசாயத்தை நம்பி வாழும் அந்தக் கிராம மக்கள், ஆற்றிலேயே படகுகளில் திரண்டு எதிர்ப்பைக் காட்டினார்கள். அவர்களின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்பு கட்டூன் ஏரி நிரம்பியபோதும் ஊர்கள் மூழ்கி, மக்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

அணை கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதற்கு முன்பே இன்னொரு எல் நினோ வந்தால், யாருடைய தண்ணீரை முதலில் குறைப்பது என்ற கேள்வி மறுபடி எழும். ஏலத்தில் கோடிகளைக் கொட்டும் கப்பல் காத்திருக்குமா, குழாயடியில் நிற்பவர் காத்திருப்பாரா? பனாமா பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான்.