கண்ணி தவறியது எவரால்?

அச்சிட்ட குறிப்பொன்றைப் பார்த்துக் குழந்தைக்கெனக் கம்பளிச் சட்டை பின்னத் தொடங்கும் பெண்ணொருத்தி, பத்து வரி முடிவதற்குள் மும்முறை பிரித்துவிட நேர்கின்றது. ‘இக்கலை நமக்கு வாராது’ என்று ஊசியைப் பெட்டியிலிட்டு மூடிவிடுகின்றாள். குறிப்பை எழுதியவரை அவள் ஐயுறுவதில்லை. தன் அறிவையே ஐயுறுகின்றாள். ஆனால், குற்றம் பெரும்பாலும் அவள் கையில் இல்லை. குறிப்பின் சொல்லில் உள்ளது.

ஊசிப்பின்னலின் அடிப்படை ஒன்றே. பழைய கண்ணியின் வழியே புதுக்கண்ணியை இழுத்தெடுப்பதே அது. அக்கண்ணியை முன்புறமிருந்து பார்த்தால் ‘நிட்’. பின்புறமிருந்து பார்த்தால் ‘பர்ல்’. ஒரே கண்ணியின் முகமும் முதுகுமே இவ்விரண்டும். இவ்வுண்மையைச் சொல்லாது, தொடர்பற்ற இருவேறு வினைகள்போல் வெறும் எழுத்துச் சுருக்கங்களால் எழுதிச் செல்வதே குழப்பத்தின் முதல் வாயில்.

ஊசியில் 20 கண்ணிகள் உள்ளன எனக் கொள்க. ‘இரண்டு நிட், ஒரு பர்ல் என்பதைக் கடைசி இரண்டு கண்ணி வரை திரும்பத் திரும்பச் செய்க, பின்னர் இரண்டு நிட்’ என்கின்றது குறிப்பு. மும்மூன்றாக ஆறுமுறை 18. எஞ்சிய இரண்டோடு 20. கணக்கு நேராகின்றது. நேராகாவிடின், தவறு முன்வரியிலோ அச்சிலோ உள்ளதெனத் தெளியலாம். துணியைத் திருப்பியதும் முகம் முதுகாகிவிடும். ஆகவே, கோடுகள் ஒழுங்காக நிற்க வேண்டின், அடுத்த வரியை ‘இரண்டு பர்ல், ஒரு நிட்’ எனத் தொடங்கி, இரண்டு பர்லில் முடித்தல் வேண்டும். கண்ணியின் இருபுறமும் அறிந்தவள் இதனைக் குறிப்பின்றியே பின்னுவாள். அறியாதவளோ சுருக்கெழுத்துகளிடையே தடுமாறுவாள்.

இதனினும் கொடியது, ஒரு பெயருக்கு இருபொருள் வைத்தல். ‘இழையை முன்கொணர்க’ எனும் ஆங்கிலத் தொடர், ஓரிடத்தில் இழையை இடம் மாற்றுவதை மட்டும் குறிக்கும். ஆங்கில நாட்டுக் குறிப்புகளில் மற்றோரிடத்தில், ஊசிமேல் இழையைச் சுற்றிப் புதுக்கண்ணி உண்டாக்குவதைக் குறிக்கும். ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால், வேண்டாத துளை விழும். அல்லது வேண்டிய துளை விழாது. கொக்கியூசிப் பின்னலிலோ நிலைமை இன்னும் கேடு. ‘டபுள் குரோசே’ என்பது ஆங்கில நாட்டில் குட்டைக் கண்ணி. அமெரிக்காவில் அதனினும் மிக நெட்டைக் கண்ணி. அங்குள்ள குறிப்பை இங்குள்ள பொருளில் படித்துப் பின்னினால், சட்டையின் அளவே மாறிவிடும். ஒரே மொழி பேசும் இரு நாட்டார்க்கே இந்நிலையென்றால், அம்மொழியைக் கடன்கொண்டு கற்பார் நிலை என்னாகும்?

சப்பானியர் இதற்கொரு வழி கண்டனர். பின்னற் குறிகளைத் தம் நாட்டுத் தொழில்தர வரையறையிலேயே சேர்த்துள்ளனர். ஒவ்வொரு குறியும் துணியின் முன்புறத் தோற்றத்தைக் காட்டும். அதனால், சப்பான் மொழியறியாத பிறநாட்டாரும் அவர்தம் கட்டப்படங்களைப் பார்த்துப் பின்னுகின்றனர்.

தமிழில் பின்னற்குறிப்பு எழுதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆங்கிலச் சுருக்கங்களை அவ்வாறே பெயர்த்தெழுதுதல், அவர்தம் குழப்பத்தையும் சேர்த்தே இறக்குமதி செய்வதாகும். வலைபின்னுவார் வாயில் வழங்கும் ‘கண்ணி’ என்னும் சொல் நம்மிடம் உண்டு. முகக்கண்ணி, புறக்கண்ணி, இணைகண்ணி, சுற்றுக்கண்ணி எனச் செயல்வழிப் பெயரிட்டால், பெயரே செய்முறையைக் கற்பிக்கும். ஒவ்வொரு வரியின் இறுதியிலும் இருக்கவேண்டிய கண்ணித் தொகையையும் எழுதிவிடின், தவறு அவ்வரியிலேயே பிடிபடும்.

ஒரு செயலுக்கு ஒரு பெயர். ஒரு பெயருக்கு ஒரு பொருள். இவ்வொழுங்கு அமையின், பெட்டியில் மூடிய ஊசி மீண்டும் வெளிவரும்; குளிர் வருமுன் குழந்தையின் சட்டையும் நிறைவுறும்.