சர்ச் தேர்தலில் ஏன் இவ்வளவு சூடு? காணிக்கை போடும் மக்கள் கணக்கு கேட்க வழி இருக்கா?

நெல்லை,

தென் மாவட்டங்களில் சட்டசபை தேர்தலுக்கு சமமாக சூடு பறக்கும் தேர்தல் ஒன்று உண்டென்றால் அது சி.எஸ்.ஐ. திருமண்டல தேர்தல்தான். அணி, போஸ்டர், வேன், பிரியாணி, போலீஸ் பாதுகாப்பு என்று எதற்கும் குறைவிருக்காது. ஓட்டு எண்ணி முடித்தாலும் விவகாரம் முடியாது. தோற்ற அணி கோர்ட்டுக்கு போகும். ஜெயித்த அணிக்குள்ளேயே கொஞ்ச நாளில் பிளவு வரும்.

2023 ஜூன் மாதம் பாளையங்கோட்டை திருமண்டல அலுவலகத்தில் நடந்த மோதலை நெல்லை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போதைய எம்.பி. ஒருவர் திருமண்டல பள்ளி பொறுப்பில் இருந்து நீக்கப்பட்டதை தொடர்ந்து தகராறு வெடித்தது. மத போதகர் ஒருவர் தாக்கப்பட்டார். எம்.பி. உள்பட பலர் மீது போலீசார் வழக்கு போட்டனர். ஒரு பள்ளிக்கூட பொறுப்புக்கு எம்.பி. அளவில் போட்டி என்றால், அந்த நாற்காலியில் அப்படி என்னதான் இருக்கு?

வேலையும் சொத்தும்

விடை எளிது. வேலை.

நெல்லை திருமண்டலத்தின் கையில் பாளையங்கோட்டை தூய யோவான் கல்லூரி, சாராள் தக்கர் கல்லூரி முதல் குக்கிராம தொடக்கப்பள்ளி வரை ஏராளமான நிறுவனங்கள் உள்ளன. 2003-ம் ஆண்டு நெல்லையில் இருந்து பிரிந்த தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலத்திலும் இதே கதைதான். இவற்றில் பல, அரசு உதவி பெறும் பள்ளிகள். அங்கே வாத்தியாருக்கு சம்பளம் கொடுப்பது அரசாங்கம். ஆளை நியமிப்பது நிர்வாகம். அதாவது அரசு சம்பளத்தில் வேலை போட்டுக் கொடுக்கும் அதிகாரம், தேர்தலில் ஜெயிக்கும் அணிக்கு கிடைக்கிறது. வேலைக்கு பணம் கைமாறுகிறது என்ற புகார் காலம் காலமாக எழுவதும் இதனால்தான்.

அடுத்து சொத்து. மிஷனரிகள் காலத்தில் வாங்கிய நிலமெல்லாம் இன்று நகரத்தின் நடுவில் இருக்கிறது. கடை வாடகை, குத்தகை எல்லாம் நிர்வாகத்தின் கையெழுத்தில்தான் ஓடுகிறது.

ஓட்டு யாருக்கு?

சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்திய திருச்சபை 1947 செப்டம்பர் 27-ந் தேதி சென்னை கதீட்ரலில் உதயமானது. சுதந்திரம் கிடைத்த ஆறே வாரத்தில். அதற்கு முன்பு ஆங்கிலிக்கன் சபையில் பிஷப் பதவி பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுக்கே. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912-ல் பிஷப் ஆனபோதுதான் அந்த சபைக்கு முதல் இந்திய பிஷப் கிடைத்தார்.

இன்று உள்ள முறை இதுதான். திடப்படுத்தல் பெற்று, சங்க காணிக்கையை பாக்கி இல்லாமல் கட்டிய உறுப்பினருக்கு ஓட்டு உண்டு. இவர்கள் ஓட்டில்தான் சபை, சேகர கமிட்டியும், திருமண்டல பெருமன்ற உறுப்பினர்களும் வருகிறார்கள். பெருமன்றத்தில் குருவானவர்களும் உறுப்பினர்கள். அந்த பெருமன்றம் லே செயலாளர், பொருளாளர் போன்ற நிர்வாகிகளை தேர்ந்தெடுக்கும்.

பிஷப் தேர்தல் வேறு மாதிரி. பெருமன்றம் ஓட்டுப்போட்டு சிலரை பேனலாக அனுப்பும். அதில் ஒருவரை சினாடு முடிவு செய்யும். உள்ளூர் உறுப்பினர் போட்ட ஓட்டு அங்கே போய் சேருவதற்குள் பல கை மாறிவிடுகிறது. பேனலில் முதலில் வந்தவருக்குத்தான் பதவி என்ற உத்தரவாதமும் கிடையாது.

கோர்ட்டு வாசலில் திருச்சபை

தலைமை பதவியும் வழக்கில் இருந்து தப்பவில்லை. பிஷப்புகளின் ஓய்வு வயதை 67-ல் இருந்து 70 ஆக உயர்த்தும் திருத்தம், 2023-ல் நடந்த மாடரேட்டர் தேர்தல் இரண்டும் சென்னை ஐகோர்ட்டுக்கு போயின. மாடரேட்டர் தேர்தலையே ஐகோர்ட்டு ரத்து செய்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலத்தில், ஓய்வு பெற்ற நீதிபதியை வைத்து நிர்வாகத்தை கவனிக்க வேண்டிய நிலையும் வந்தது.

இந்த வழக்குகளுக்கு வக்கீல் பீஸ் யார் பணம்? சுற்றி வளைத்துப் பார்த்தால் அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காய் ஏலம் எடுத்தவர், பீடி சுற்றி காணிக்கை போட்டவர் பணத்திலும் கை வைத்த கதைதான்.

கோயில்களுக்கு அறநிலையத்துறை இருக்கிறது. பள்ளிவாசல் சொத்துக்கு வக்பு வாரியம் இருக்கிறது. சர்ச் சொத்துக்கு மட்டும் ஏன் இல்லை என்ற கேள்வியை 2024-ல் ஐகோர்ட்டு மதுரை கிளையும் எழுப்பியது. ஆனால் மத காரியத்தை தாங்களே நடத்தும் உரிமையை அரசியல் சட்டத்தின் 26-வது பிரிவும், கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையை 30-வது பிரிவும் தருகின்றன. அரசாங்கம் உள்ளே வந்தால் உரிமை போகும் என்ற பயம் கிறிஸ்தவர்களிடம் இருக்கிறது. அது நியாயமான பயமும்கூட. வாரியம் வந்துவிட்டால் ஊழல் ஒழிந்துவிடும் என்று சொல்லவும் முடியாது.

தேர்தலே வேண்டாமா?

அப்படியானால் தேர்தலையே ஒழித்துவிடலாமா? கத்தோலிக்க சபையில் பிஷப்பை போப் நியமிக்கிறார். தெருவில் போஸ்டர் சண்டை கிடையாது. ஆனால் பங்குப் பேரவை ஆலோசனைதான் சொல்ல முடியும், முடிவு பங்குத்தந்தை கையில். பல தனி பெந்தெகொஸ்தே சபைகளில் ஆரம்பித்தவரே பாஸ்டர், அவருக்கு பிறகு மகன். அங்கே கணக்கு கேட்பதே பாவம் என்கிற மாதிரி ஆகிவிடுகிறது. ஆக, ஓட்டு இல்லாத இடத்தில் சத்தம் குறைவாக இருக்கலாம், கேள்வியும் குறைந்துவிடும்.

பைபிளிலேயே இதற்கு வழி இருக்கு. அப்போஸ்தலர் நடபடிகள் 6-ம் அதிகாரத்தில் விதவைகளுக்கு சாப்பாடு பங்கு வைப்பதில் புகார் வந்தது. அப்போஸ்தலர்கள் புகார் சொன்னவர்களை விரட்டவில்லை. சபையையே கூட்டி, நற்பெயர் உள்ள ஏழு பேரை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று விட்டார்கள். 1 தீமோத்தேயு 3-ம் அதிகாரம், கண்காணியாக வருபவர் பண ஆசை இல்லாதவராக இருக்க வேண்டும் என்கிறது. 5-ம் அதிகாரமோ மூப்பர் மீது புகார் வந்தால் இரண்டு, மூன்று சாட்சி வேண்டும் என்கிறது. அதாவது புகாரை விசாரிக்க வேண்டும், வீண் பழிக்கும் இடம் தரக்கூடாது.

கோளாறு ஓட்டில் இல்லை. ஓட்டுக்கும் அடுத்த ஓட்டுக்கும் நடுவில் கேட்பாரில்லை என்பதில்தான் கோளாறு. ஆண்டு கணக்கு பெருமன்றத்தோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு சபை நோட்டீஸ் போர்டிலும் ஒட்டப்பட வேண்டும். ஆசிரியர் நியமனத்தில் மார்க்கும் வரிசையும் எல்லோருக்கும் தெரிய வேண்டும். நியமன அதிகாரம் தேர்தலில் ஜெயித்தவர் கையில் இருந்து தனி குழுவுக்கு போனால், பாதி போட்டி தானாக அடங்கிவிடும்.

உறுப்பினர்களுக்கும் வேலை இருக்கு. சாதிக்காரர், சொந்தக்காரர், ஊர்க்காரர் என்று பார்த்து ஓட்டுப்போட்டுவிட்டு, பிறகு நிர்வாகம் சரியில்லை என்று புலம்பினால் யாரை குற்றம் சொல்வது? தேர்தல் நேரத்தில் பிரியாணி வாங்கிய கை, அப்புறம் கணக்கு நோட்டை கேட்டு நீளுமா?