ஹைதருக்கு ஏற்ற சொல்

திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வியாசம் எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவன் ஹைதர் அலியைக் 'கன்னிங்' என்று வர்ணித்திருந்தான். “சமயோசித புத்தியுள்ளவர் என்று எழுத நினைத்தேன், ஸார், அகராதியில் இதுதான் அகப்பட்டது” என்றான்.

'கன்னிங்' ஒரு காலத்தில் அறிவைக் குறித்த நல்ல சொல்தான். இன்றோ அதைக் கேட்டதும் நரிதான் ஞாபகத்துக்கு வருகிறது. 'ஷ்ரூட்' என்பதன் கதை நேர்மாறு. முன்னாளில் துஷ்டனைக் குறித்தது, இன்று காரியத்தில் கண்ணுள்ள விவேகியைக் குறிக்கிறது. நம் மொழியில் மட்டும் என்ன வாழ்கிறது? குறளில் ஆலோசனை என்று பொருள்பட்ட 'சூழ்ச்சி' இன்று சதியாகிவிட்டது!

1755-ல் மைசூரின் பௌஜ்தாராகத் திண்டுக்கல்லுக்கு வந்த ஹைதர் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆயினும் பெரிய கணக்குகளையும் மனத்திலேயே போட்டுவிடுவார், கேட்டதை மறவார். இதில் வஞ்சகம் எங்கே இருக்கிறது? 1761-ல் அவர் மைசூர் அதிகாரத்தைக் கைப்பற்றிய விதத்துக்குக் 'கன்னிங்' பொருந்தும் என்று யாராவது வாதாடினால் நான் மறுக்கமாட்டேன். மனக்கணக்குக்கு அது பொருந்துமா?

அவரோடு போரிட்ட ஆங்கிலேயர் எழுதிய சரித்திரங்களில் அவருக்கு வசை மொழிகள் தாராளம். அந்த வரிசையில் நம் பையனும் தெரியாமலே ஒன்றைச் சேர்த்துவிட்டான்.

'க்ளெவர்' போடலாமா என்றான். அது வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளைக்குப் போதும். 'க்விக்-விட்டெட்' என்றால் வாய்ச் சாமர்த்தியம் தொனிக்கும். கடைசியில் மனக்கணக்குக்குக் 'க்விக்', ராஜ்ய காரியத்துக்கு 'ஷ்ரூட்' என்று இரண்டையும் எழுதிக்கொண்டு போனான்.