அப்பாயிகளை மறந்த சுகாதாரம்

ஒக்டோபர் முதலாம் திகதி இலங்கையில் சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஒன்றாகவே வருகின்றன. பாடசாலையில் பிள்ளைகளுக்கு இனிப்பும் மென்பானமும் வழங்கப்படும். வேறொரு மண்டபத்தில் முதியோருக்குச் சால்வை போர்த்துவார்கள். பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளாக இந்த இரு விழாக்களையும் தனித்தனிச் செய்திகளாகவே நானும் பிரசுரித்து வந்திருக்கிறேன். இவ்விரு சாராரும் ஒரே காம்பராவில், ஒரே அடுப்படியில் வாழ்கின்றார்கள் என்ற எண்ணம் எங்களுக்கு எழுந்ததில்லை. மலையகத் தோட்டங்களைப் பொறுத்தவரை இது சிறிய கவனக்குறைவு அல்ல.

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்கு இறங்கும் பாதையில் இருக்கிறது லுணுகலை. என் சிறுபராயம் அப்பகுதித் தோட்டமொன்றின் லயத்தில் கழிந்தது. அம்மா விடியற்காலையிலேயே பிரட்டுக்குப் போய்விடுவார். மாலையில் கொழுந்து நிறுத்த பின்னரே வீடு திரும்புவார். இடைப்பட்ட நேரம் முழுவதும் எங்களுக்குத் தாய் அப்பாயிதான். 1973, 74 ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அரிசியும் மாவும் கிடைக்காத அந்நாட்களில் எனக்கு ஆறேழு வயது. அப்பாயி ஓடைக்கரையில் வல்லாரையும் பொன்னாங்காணியும் பறித்து வருவார். சௌசௌக் கொடியின் தளிரையும் பூசணி இலையையும் சுண்டித் தருவார். பலாக்கொட்டையும் மரவள்ளியும் அவித்துக் கொடுப்பார். கீழ்நாட்டுச் சேனைகளிலிருந்து வரும் குரக்கன் எப்போதாவது கிடைத்தால் அன்று எங்களுக்குப் பெருநாள். "ஊட்டச்சத்து" என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டதே இல்லை. ஆயினும் நாங்கள் உயிர் தப்பியது அவருடைய அறிவினால்தான்.

அந்த அறிவு இன்று எங்கே போயிற்று? 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்போர் ஏறத்தாழ 17 வீதத்தினர். தோட்டப்புறத்தில் மட்டும் இது ஏறத்தாழ 32 வீதம். மூன்றில் ஒரு பிள்ளைக்கு நெருக்கமான கணக்கு. இதற்கு வறுமையே முதற்காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வறுமை நீங்கும் நாள் வரும்வரை தட்டில் எது விழுகிறது என்பதும் ஒரு கேள்விதான். கோதுமை மா ரொட்டியும் சம்பலும், அதன்மேல் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் என்பதே பல வீடுகளில் பிள்ளையின் காலை உணவு.

தாய்மார் மலையில் நிற்கின்றார்கள். சிலர் கொழும்பில், இன்னும் சிலர் மத்திய கிழக்கில். பிள்ளைக்கு ஊட்டுபவர் பாட்டி. ஆனால் சுகாதாரக் கல்வி யாருக்கு வழங்கப்படுகிறது? கிளினிக் நாளில் குடும்பநல உத்தியோகத்தர் அட்டையில் நிறையைக் குறித்துவிட்டுத் தாயிடம் பேசுகிறார். தாய் தலையசைத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போகிறார். சொல்லப்பட்ட செய்தி அடுப்படிக்கு வந்து சேர்வதில்லை. தாய்க்குப் பதிலாகப் பிள்ளையைத் தூக்கி வரும் பாட்டியிடம் "அம்மாவை வரச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பியதையும் நான் நேரில் கண்டிருக்கிறேன்.

பாட்டிமார் செய்வதெல்லாம் சரி என்று நான் வாதிட வரவில்லை. 2017 இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 நாடுகளின் 56 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பாட்டன் பாட்டியின் செல்லம் பல வேளைகளில் பேரப்பிள்ளையின் உடல்நலத்துக்குக் கேடாக அமைவதைக் கண்டார்கள். நம் தோட்டங்களிலும் அதுவே நடக்கிறது. அழும் பிள்ளைக்குப் பிஸ்கட், பசிக்கும் பிள்ளைக்குச் சீனி போட்ட சாயத்தண்ணி. உணவோடு தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் சரிவர உறிஞ்சாது. தேயிலை வளர்ப்பவரின் பிள்ளைக்கே தேயிலை இரத்தச்சோகைக்கு வழிவகுக்கிறது. என் அப்பாயி தம் வாயில் மென்ற வெற்றிலையில் ஒரு துணுக்கை எனக்கும் ஊட்டியதுண்டு. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் உறுதிபடப் பிரசுரித்தது. அந்தச் செய்தியைத் தோட்டத்துப் பாட்டியிடம் அவருக்குப் புரியும்படி கொண்டு சென்றவர்கள் எத்தனை பேர்?

பழக்கம் ஊறிய கிழவிகளுக்குச் சொல்லிப் பயனில்லை என்பார்கள் சிலர். செனகல் நாட்டின் அனுபவம் அதை மறுக்கிறது. அங்கே போஷாக்குக் கல்வியில் தாய்மாரோடு பாட்டிமாரையும் அழைத்து, பாட்டும் கதையும் உரையாடலுமாக விடயத்தை அவர்கள் முன் வைத்தார்கள். பாட்டிமாரின் ஆலோசனைகள் மாறின, தாய்மாரின் நடைமுறைகளும் சேர்ந்து மாறின. மரபைக் காப்பவர்கள் மாற்றத்துக்கு எதிரிகள் அல்லர் என்பதே 2004 இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு. அவர்களைக் குற்றவாளிகளாக நடத்தாமல் அனுபவசாலிகளாக மதித்துப் பேசியதே அதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

எனவே என் கோரிக்கை எளிமையானது. கிளினிக் நாளில் பாட்டியையும் பெயர் சொல்லி அழையுங்கள், அவருக்கும் ஒரு கதிரை கொடுங்கள். 2016 முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவு நிறத்தால் காட்டப்படுகிறது. எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிக்கும் சிவப்பு தெரியும். அதன் பொருளை அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். லயத்தில் முருங்கை நட இடமில்லை. தனிவீட்டுத் திட்டத்தில் பேசப்பட்ட 7 பேர்ச்சஸ் காணி எல்லாக் குடும்பங்களுக்கும் கிடைத்தால் பாட்டியின் கீரைப்பாத்திக்கும் இடமிருக்கும். நிலமில்லாதவரிடம் "வீட்டுத் தோட்டம் செய்யுங்கள்" என்று அறிவுரை கூறுவது நியாயமன்று.

வாழ்நாளெல்லாம் கொழுந்துக்கூடை சுமந்தவர்மீது இன்னொரு சுமையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தச் சுமையை அவர் ஏற்கெனவே சம்பளமின்றிச் சுமந்துகொண்டுதான் இருக்கிறார். அவருக்கு அறிவையும் ஆதரவையும் கொடுப்பது சுமையைக் கூட்டாது, இலகுவாக்கும்.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊருக்கு அனுப்பும் பொதியில் சொக்லேட்டைச் சற்றுக் குறையுங்கள். பாட்டியிடம் தொலைபேசியில் பேசும்போது, "பிள்ளைக்கு இன்று என்ன கீரை கொடுத்தீர்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். தமது அறிவுக்கு இன்னும் மதிப்பிருக்கிறது என்று அவர் உணர்வார்.

1974 இல் வாழ்ந்த பாட்டிமார் அநேகமாக மறைந்துவிட்டார்கள். அன்று இளம் தாய்மாராக இருந்தவர்களே இன்று எழுபதைத் தாண்டிய பாட்டிமார். எந்த இலையை எப்படிச் சமைப்பது என்று தெரிந்த கடைசித் தலைமுறை அவர்களாக இருக்கக்கூடும். அவர்களோடு பேசுவதற்கு அடுத்த ஒக்டோபர் முதலாம் திகதிவரை காத்திருக்க வேண்டியதில்லை.