காத்தவருக்குச் சேர வேண்டிய கடன்

வளரும் நாடுகளின் காடுகளைக் காக்க உலகம் பணம் தர வேண்டும் என்ற கோரிக்கை ஐ.நா. காலநிலை மாநாட்டுக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. 2005இல் மான்ட்ரியலில் பாப்புவா நியூ கினியும் கோஸ்டா ரிகாவும் அதை முன்வைத்தன. 2025 நவம்பரில், அமேசானின் வாசலில் இருக்கும் பெலெம் நகரில் அதே மாநாடு கூடியது. காடழிப்பை நிறுத்துவதற்கான செயல்திட்டம் இறுதி முடிவில் இடம்பெற வேண்டும் என்று பல நாடுகள் கேட்டன. இடம்பெறவில்லை.

2030க்குள் காடழிப்பை நிறுத்துவோம் என்று 2021இல் கிளாஸ்கோவில் 140க்கும் மேற்பட்ட நாடுகள் உறுதி கொடுத்திருந்தன. ஆனால், 2024ஆம் ஆண்டில் மட்டும் 67 லட்சம் ஹெக்டேர் வெப்பமண்டலக் கன்னிக்காடு அழிந்தது. தமிழ்நாட்டின் மொத்த வனப்பரப்பைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு, ஒரே ஆண்டில் போயிற்று. இந்தத் தோல்விக்குப் பணப் பற்றாக்குறை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், செலுத்தியே தீர வேண்டிய ஒரு கடனைப் பணக்கார நாடுகளும் நிறுவனங்களும் கொள்முதலாக மாற்றிக்கொண்டதுதான். அது அறப்பிழை. அதைத் திருத்தாமல் எத்தனை மாநாடு கூடினாலும் காடு மிஞ்சாது.

காடுகள் அழிவதால் வெளியேறும் கரியமில வாயு, உலகின் மொத்த வெளியேற்றத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அப்படியிருந்தும் 1997இல் உருவான கியோட்டோ உடன்படிக்கையின் விதிகள், வளரும் நாடுகளில் புதிதாக மரம் நட்டால் கிரெடிட் தந்தன; நின்றுகொண்டிருக்கும் காட்டைக் காப்பாற்றினால் எதுவும் தரவில்லை. இந்தக் குறையைத்தான் மான்ட்ரியலில் எழுந்த குரல் சுட்டிக்காட்டியது. 2007இல் பாலி, 2010இல் கான்குன், 2013இல் வார்சா என மாநாடு மாநாடாகப் பேசி, ‘ரெட் பிளஸ்’ என்ற ஏற்பாடு உருவானது. காடழிப்பையும் காட்டின் சிதைவையும் குறைக்கும் நாட்டுக்கு, குறைத்த அளவுக்கேற்பப் பணம் என்பது அதன் அடிப்படை. 2015இன் பாரிஸ் ஒப்பந்தமும் அதை ஏற்றுக்கொண்டது.

இந்த அடிப்படையில் குற்றம் காண ஒன்றுமில்லை. தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துச் செல்வம் சேர்த்த நாடுகள், அந்தப் புகையில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொண்டிருக்கும் காடுகளின் காவலர்களுக்குக் கடன்பட்டிருக்கின்றன. கேள்வி, அந்தப் பணம் எந்தப் பெயரில், எந்த நிபந்தனையோடு வருகிறது என்பதே.

இரண்டு விதமாக வருகிறது. பிரேசிலின் அமேசான் நிதி 2008இல் தொடங்கப்பட்டது. நார்வே நூறு கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டது. பணம் தந்ததற்குச் சான்றிதழ் உண்டு. ஆனால் அதை விற்க முடியாது. பணம் தந்த நாடு அதைத் தன் வெளியேற்றக் கணக்கில் கழித்துக்கொள்ளவும் முடியாது. நார்வே எண்ணெய் விற்றுச் செழித்த நாடு; இன்றும் எண்ணெய் எடுக்கிறது. அந்தப் பொறுப்பை அமேசானுக்குத் தந்த பணம் துடைத்துவிடவில்லை, துடைத்துவிட்டதாக அந்த ஏற்பாடும் சொல்லவில்லை. கடனைச் செலுத்தும் முறை இதுதான்.

இரண்டாவது, கார்பன் கிரெடிட் சந்தை. இங்கே வெளியேறாமல் தடுத்ததாகச் சொல்லப்படும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவும் ஒரு சரக்கு. அதை வாங்கிய விமான நிறுவனமோ எண்ணெய் நிறுவனமோ, ‘என் புகைக்கு ஈடு செய்துவிட்டேன்’ என்று அறிவித்துவிட்டுப் புகைவிடுவதைத் தொடரலாம். ஏரிக்கரையை உடைத்தவன், கரைக்குக் காவல் இருப்பவனுக்குக் கூலி கொடுத்துவிட்டேன், ஆகவே என் உடைப்பை நான் அடைக்க வேண்டியதில்லை என்று வாதிடுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

அறம் ஒருபுறம் இருக்க, அறிவியலும் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. பூமிக்கடியில் பல கோடி ஆண்டுகள் உறங்கிய கரியை எடுத்து எரித்தால் அது காற்றில் பல நூறு, பல ஆயிரம் ஆண்டுகள் தங்கும். மரத்தில் இருக்கும் கரிக்கு அந்த உறுதி இல்லை. ஒரு கோடை போதும், ஒரு தீ போதும். 2024இன் வெப்பமண்டலக் காட்டிழப்பில் முதன்முறையாகத் தீயே முதற்காரணமாக இருந்தது. எரியக்கூடிய காட்டை ஈடாக வைத்து, திரும்பப் பெற முடியாத புகையை வெளியேற்றுவது நேர்மையான கணக்காகாது.

கணக்கின் தொடக்கத்திலும் ஓட்டை இருக்கிறது. திட்டம் இல்லாதிருந்தால் எவ்வளவு காடு அழிந்திருக்கும் என்று ஓர் அனுமானம் செய்கிறார்கள். உண்மையில் அழிந்ததை அதிலிருந்து கழித்து, மீதியைக் கிரெடிட்டாக விற்கிறார்கள். அனுமானத்தை எவ்வளவு பெரிதாக்குகிறார்களோ, அவ்வளவு வருமானம். பெரும்பாலும் அனுமானத்தைச் செய்பவரே விற்பவராகவும் இருந்தார். ‘சயின்ஸ்’ இதழில் 2023இல் வெளியான ஆய்வு, ஆறு நாடுகளில் 26 திட்டங்களை எடுத்துப் பார்த்தது. பெரும்பாலானவை காடழிப்பைக் குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறைக்கவில்லை. குறைத்தவையும் சொன்னதைவிட மிகக் குறைவாகவே குறைத்திருந்தன. இத்தகைய திட்டங்களுக்குச் சான்றளிக்கும் அமைப்பு இந்த ஆய்வின் முறையை மறுத்தது. ஆனால் அதே ஆண்டில், ஜிம்பாப்வேயின் கரீபா வனத் திட்டத்தின் கிரெடிட்டுகளை விற்றுவந்த சுவிட்சர்லாந்து நிறுவனமே அதைக் கைகழுவி விலகியது. வெட்டப்படவே போகாத மரத்தை வெட்டாமல் விட்டதற்காகப் பணம் பெறுவது மோசடி. அந்த மோசடிச் சீட்டைக் காட்டி ஒருவர் உண்மையான புகையை வெளியேற்றும்போது, மோசடி இரட்டிப்பாகிறது.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு அநீதியும் உண்டு. ‘குறைத்ததற்குப் பணம்’ என்றால், நிறைய வெட்டியவரிடம்தான் குறைப்பதற்கு நிறைய இருக்கும். தலைமுறை தலைமுறையாக வெட்டாமல் காத்தவருக்குக் காட்ட எதுவும் இராது. நின்ற காட்டுக்கும் மதிப்பு வேண்டும் என்று பேச்சுவார்த்தையில் இந்தியா வாதாடியது நியாயமான வாதம். ‘ரெட்’டுடன் சேர்ந்த அந்தப் ‘பிளஸ்’ஸில் காடு பேணலும் இடம்பெற்றதற்கு அத்தகைய வாதங்களும் காரணம்.

கயானாவைப் பாருங்கள். நிலப்பரப்பில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் காடு. காடழிப்பு மிகக் குறைவு. 2022இல் அதன் காட்டுக் கிரெடிட்டுகளில் 3.75 கோடியை வாங்க ஒரு நிறுவனம் முன்வந்தது. விலை குறைந்தது 75 கோடி டாலர். வாங்கியது ஹெஸ் என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனம். அப்போது அது அதே கயானாவின் கடலில் எண்ணெய் எடுக்கும் கூட்டணியில் பங்காளியாக இருந்தது. இந்த வருவாயில் 15 விழுக்காடு அமெரிந்தியப் பழங்குடிக் கிராமங்களுக்கு என்றது அரசு. பழங்குடிகளின் முறையான இசைவு பெறப்படவில்லை என்று அவர்களுடைய சங்கம் ஒன்று முறையிட்டது. சிறிய நாடு கிடைத்த பணத்தை வாங்கிக்கொண்டதை நாம் குறை கூறமாட்டோம். கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்காதபோது அது வேறு யாரிடம் போகும்? குற்றம், ஒரு நாட்டின் காட்டையே காட்டி அந்த நாட்டுக் கடலின் எண்ணெயை எடுக்க வழி செய்த ஏற்பாட்டில் இருக்கிறது.

கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்காததற்கு ஈக்வடார் சாட்சி. யாசுனி தேசியப் பூங்காவின் அடியில் கிடக்கும் எண்ணெயைத் தொடாமல் விடுகிறோம், இழப்பில் பாதியான 360 கோடி டாலரை உலகம் தரட்டும் என்று 2007இல் அந்நாட்டு அதிபர் ரஃபேல் கொரேயா கேட்டார். ஆறு ஆண்டுகளில் கைக்கு வந்தது ஏறத்தாழ 1.3 கோடி டாலர். 2013இல் திட்டம் கைவிடப்பட்டது; பிறகு எண்ணெய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. பத்தாண்டு கழித்து, 2023 ஆகஸ்டில் ஈக்வடார் மக்கள் வாக்கெடுப்பில் அந்தக் கிணறுகளை மூடச் சொன்னார்கள். 59 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். செல்வ நாடுகள் தர மறுத்ததை, அந்த ஏழை நாட்டு மக்கள் தங்கள் வருமானத்திலிருந்து இழக்க முன்வந்தார்கள். உலக மேடைகளில் மற்றவர்களுக்கு ஒழுக்கம் போதிக்கும் அரசுகள் இந்த வாக்கின் முன் தலைகுனிய வேண்டும்.

பணம் வரத் தொடங்கியதும் வேறொரு கொடுமை தலைதூக்குகிறது. காட்டுக்கு விலை வந்தால், காட்டில் வாழ்பவர் இடைஞ்சலாகத் தெரிகிறார். கென்யாவின் மாவ் காட்டில் தேன் எடுத்து வாழ்ந்துவரும் ஓகியெக் மக்களை, காடு பேணலைக் காரணம் காட்டி அரசு வெளியேற்றியது. ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் 2017இல் அந்தக் காரணத்தை நிராகரித்து, அந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 2022இல் இழப்பீடும் நிலப்பட்டாவும் வழங்க ஆணையிட்டது. அடுத்த ஆண்டே, 2023 நவம்பரில், மீண்டும் வீடுகள் இடிக்கப்பட்டன. கம்போடியாவின் தெற்கு ஏலக்காய் மலைத் திட்டத்தில், சோங் பழங்குடியினரிடம் கலந்து பேசாமலே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வேலை நடந்ததாகவும் குடும்பங்கள் விரட்டப்பட்டதாகவும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2024இல் குற்றம்சாட்டியது. திட்டத்தை நடத்துவோர் அதை மறுத்தார்கள். கான்குனில் 2010இலேயே பழங்குடி உரிமைகளை மதிக்கும் பாதுகாப்பு விதிகளை உலகம் எழுதிவைத்துவிட்டது. எழுதிய விதியை மீறும் அரசு, தன் ஏழ்மையைக் காட்டித் தப்ப முடியாது. காடு காப்பதாகச் சொல்லிக் காட்டின் பிள்ளைகளை விரட்டுவது, எந்த நாடு செய்தாலும் பாவமே.

‘சந்தை இல்லாவிட்டால் பணம் எங்கிருந்து வரும்? குறைகள் இருந்தாலும் ஏதோ ஒன்று வருகிறதே’ என்பார்கள். எளிதில் ஒதுக்கிவிட முடியாத கேள்வி இது. ஆனால் அனுபவம் வேறு பதிலைத் தருகிறது. 2004இல் பிரேசிலின் அமேசானில் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு அழிந்தது. 2012இல் அது 5,000க்கும் கீழே இறங்கியது. செயற்கைக்கோள் கண்காணிப்பு, புதிய காப்புப் பகுதிகள், அழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்ற 2006ஆம் ஆண்டு உடன்பாடு, விதி மீறியவருக்கு வேளாண் கடன் மறுப்பு ஆகியவையே அதைச் சாதித்தன. அமேசான் நிதி அதற்குத் துணை நின்றது. 2019இல் போல்சனாரோ அரசு அந்த நிதியின் நிர்வாகக் குழுக்களைக் கலைத்தது. நார்வேயும் ஜெர்மனியும் பணத்தை நிறுத்தின. 2021இல் அழிவு 13,000 சதுர கிலோமீட்டரைத் தொட்டது. 2023இல் லூலா அரசு நிதியை மீட்டெடுத்தது. அடுத்த ஆண்டே அழிவு 6,300க்கு இறங்கியது. சட்டமும் அரசின் துணிவும் காட்டைக் காத்தன. ஈடாக எதையும் கேட்காத பணம் அவற்றுக்குத் தோள் கொடுத்தது.

பெலெமில் பிரேசில் தொடங்கிவைத்த வெப்பமண்டலக் காடுகளுக்கான நிதி, அனுமானக் கணக்கை விட்டுவிட்டு, நிற்கும் காட்டுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு நான்கு டாலர் என்கிறது. ஐந்தில் ஒரு பங்கு பழங்குடிகளுக்கு என்கிறது. திசை சரி. ஆனால் அந்த நான்கு டாலரும் முதலீட்டுச் சந்தையின் லாபத்தை நம்பியிருக்கிறது. அரசுகளிடம் எதிர்பார்த்த 2,500 கோடி டாலரில் மாநாட்டின் முடிவுவரை வந்த வாக்குறுதி 700 கோடியைக்கூட எட்டவில்லை.

விளைபொருளை வாங்குபவரும் பொறுப்பிலிருந்து தப்பக்கூடாது. அழிந்த காட்டின் நிலத்தில் விளைவதில் ஒரு பகுதி ஏற்றுமதிச் சரக்கு. அத்தகைய மாட்டிறைச்சி, சோயா, பாமாயில், கோகோ, காப்பி முதலியவற்றைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் இயற்றியது. பிறகு அமலாக்கத்தை ஒருமுறை தள்ளிப்போட்டது, மறுமுறையும் தள்ளிப்போட்டது. உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் இந்தியாவில் அத்தகைய சட்டமே இல்லை. நம் ரேஷன் கடையில் வாங்கும் ஒரு லிட்டர் பாமாயிலில் ஏழையின் குற்றம் எதுவும் இல்லை. அது எந்த நிலத்தில் விளைந்தது என்று கேட்க வேண்டியவர்கள் அதைக் கொள்முதல் செய்யும் அரசுகள்.

மாநாட்டில் நியாயம் பேசிய இந்தியா, வீட்டிலும் அதே நியாயத்தைக் காட்ட வேண்டும். கிரேட் நிக்கோபாரில் சோம்பென் மக்கள் வாழும் தீவின் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டைத் திட்டங்களுக்குக் கொடுத்துவிட்டு, ஈடாக ஹரியானாவில் மரம் நடுவதாகச் சொல்வது, எண்ணெய் நிறுவனங்களின் அதே ஈடுகட்டும் வாதம்தான். அங்கே தவறென்றால் இங்கேயும் தவறு.

செய்ய வேண்டியவை தெளிவானவை. காட்டுக் கிரெடிட்டைக் காட்டிப் புகைக் கணக்கைக் கழிக்கும் வழியை உலக நாடுகள் அடைக்க வேண்டும். செல்வ நாடுகள் தங்கள் வரிப்பணத்திலிருந்து, குறிப்பாக எண்ணெய், நிலக்கரி லாபத்தின் மீது வரி விதித்து, காட்டு நாடுகளுக்கு நேரடியாகத் தர வேண்டும். அந்தப் பணத்தைப் பெறும் அரசு முதலில் காட்டில் வாழ்வோருக்கு நிலவுரிமை கொடுத்திருக்க வேண்டும். அவர்கள் மறுத்தால் திட்டம் இல்லை என்ற விதியை ஏற்றிருக்க வேண்டும். வெளியேற்றம் நடந்தால் பணம் நிற்க வேண்டும். அழிந்த காட்டின் விளைபொருளுக்கு வாங்கும் நாடுகளின் துறைமுகங்கள் மூடப்பட வேண்டும்.

காட்டைக் காப்பதற்குத் தரும் பணம் தானமும் அல்ல, புகைவிடுவதற்கான உரிமத்தின் விலையும் அல்ல. அது பழைய கடன். வட்டியோடு சேர்த்து அதைக் காத்தவரின் கையில் கொடுப்பதும், தன் புகையைத் தானே குறைப்பதும் தனித்தனிக் கடமைகள். ஒன்றைச் செய்ததாகக் காட்டி மற்றொன்றிலிருந்து தப்பும் எவரும், நாடானாலும் நிறுவனமானாலும், காடழிப்பில் பங்காளியே.