விலைப்பட்டியல் இசையாகாது

இந்தியப் பெருநகரங்களில் பேஸ் கிட்டார் வாசிப்போர் இருவர் சந்தித்தால், பேச்சு பெரும்பாலும் இசையில் தொடங்குவதில்லை. கிட்டார் ஃபெண்டரா, ஐபனேஸா? ஆம்ப்ளிஃபையர் ஆம்பெக்கா, மார்க்பாஸா? பெடல் வரிசையில் முதலில் நிற்பது கம்பிரஸரா, ஓவர்டிரைவா? இக்கேள்விகள் முடிவதற்குள் யார் மேல், யார் கீழ் என்பது தீர்மானமாகிவிடுகிறது. அதுவரை இருவரும் ஒரு சுரம்கூட வாசித்திருப்பதில்லை. தொழில்நுட்ப விவாதம் என்ற பெயரில் நடப்பது உண்மையில் ஒரு தரவரிசைச் சடங்கு.

கருவிக்கு மதிப்பே இல்லை என்பது இங்கு வாதமன்று. நான்கு தந்தி பேஸின் மிகத் தாழ்ந்த சுரம் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். அதைப் பெருந்திரளுக்குக் கொண்டுசெல்ல வாட்டும் வேண்டும், பெரிய ஸ்பீக்கரும் வேண்டும். 1969இல் ஆம்பெக் நிறுவனத்தின் 300 வாட் எஸ்விடி பிறந்தது அத்தேவையால்தான். கழுத்து வளைந்த, சுருதி நிற்காத கிட்டாரோடு மல்லாடும் மாணவரிடம் 'எல்லாம் விரலில்தான் இருக்கிறது' என்று உபதேசிப்பது வசதி படைத்தவரின் ஆணவம். ஆகவே கேள்வி, ஒப்பீடு தேவையா என்பதன்று. அது எதை அளக்கிறது, எதை மறைக்கிறது என்பதே.

முதலில் அது மறைப்பது பேஸின் வேலையை. சி, ஈ, ஜி என்னும் மூன்று சுரங்களுக்கு அடியில் சி ஒலித்தால் அது சி மேஜர். அதே மூன்றுக்கு அடியில் ஏ ஒலித்தால் முழுக் கூட்டும் ஏ மைனர் செவன்த் ஆகிவிடுகிறது. மேலே வாசிப்பவர் விரலை அசைக்கவில்லை. ஆயினும் பாட்டின் மனநிலை மாறிவிட்டது. இந்த அதிகாரம் எந்தப் பெடலிலும் இல்லை. கைப்பேசியின் சிறு ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே இயலாது. மேல்சுரங்களிலிருந்து அடிச்சுரத்தைக் கேட்பவரின் மூளையே ஊகித்துக்கொள்கிறது. இரண்டு ப்ரீஆம்ப்களின் நுண்வேறுபாடு அங்கே கரைந்துபோகும். எந்தச் சுரம், எந்தக் கணத்தில் என்பது கரையாது.

அடுத்து அது மறைப்பது மனிதரை. ஒப்பீட்டாளர் வேதம்போல் ஓதும் பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரிசிஷன், தட்டைச்சுற்றுத் தந்திகள், பிரிட்ஜ் மூடிக்கு அடியில் நுரைத்துண்டு: பட்டியல் அனைவருக்கும் மனப்பாடம். அந்தக் கலைஞரோ டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனத்துக்காக ஏறத்தாழப் பத்தாண்டுகள் வெற்றிப் பாடல்களில் வாசித்தும் இசைத்தட்டு உறைகளில் பெயரின்றி இருந்தார். 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பில்தான் அவர் பெயர் அச்சேறியது. இந்தியத் திரையிசையின் கதையும் வேறன்று. உறையில் இசையமைப்பாளர் உண்டு, கவிஞர் உண்டு, பாடகர் உண்டு. பேஸ் வாசித்தவர் பெரும்பாலும் இல்லை. ஏ.ஆர். ரஹ்மானின் தொகுப்புகள் வாத்தியக் கலைஞரின் பெயர்களை அச்சிட்டதால்தான் கீத் பீட்டர்ஸ் போன்றோரைக் கேட்போர் பெயர் சொல்லி அறிய முடிந்தது. கிட்டார் பிறந்த ஆண்டைப் போற்றும் ரசனை, அதை வாசித்தவரின் பெயர் விடுபட்டதைப் பற்றி ஏன் சினம் கொள்வதில்லை?

மூன்றாவதாக, விலை காதுக்குள் புகுந்துவிடுகிறது. வயலின் உலகம் இம்மயக்கத்தைச் சோதித்துப் பார்த்தது. 2012இல் வெளியான ஆய்வொன்றில், தேர்ந்த வயலின் கலைஞர்கள் கருவியை அடையாளம் காண முடியாத கண்ணாடி அணிந்து புதிய வயலின்களையும் ஸ்ட்ராடிவாரி உள்ளிட்ட பழையவற்றையும் வாசித்தனர். எது பழையது என்று பெரும்பாலோரால் கண்டறிய இயலவில்லை. மிகக் குறைவாக விரும்பப்பட்டதே ஒரு ஸ்ட்ராடிவாரிதான். நூற்றாண்டுப் புகழுக்கே இந்த நிலை என்றால், நேற்று வந்த பெடலின் மகிமை எம்மாத்திரம்?

ஆய்வுலகமும் இதில் குற்றமற்றதன்று. இசைக்கலைஞரை நேர்காணும்போது 'என்ன கருவி?' என்பது முதற்கேள்வியாகிறது. ஊதியம் எவ்வளவு, பெயர் பதிவானதா, அக்கருவியைப் பழுதுபார்த்து உயிரோடு வைத்திருப்பவர் யார் என்பவை கடைசிப் பக்கத்துக்குக்கூட வருவதில்லை. கல்லூரி விழாக்களிலோ, இரவல் கிட்டாரோடு மேடையேறும் மாணவர் முதல் சுரத்துக்கு முன்பே தோற்கடிக்கப்படுகிறார்.

ஒப்பிட விரும்புவோர் தாராளமாக ஒப்பிடட்டும்: திரைக்குப் பின்னால், ஒரே பாட்டை, ஒரே ஒலியளவில், பெயரும் விலையும் சொல்லாமல். ஒலியளவைச் சமன்செய்வது முக்கியம். சற்றே உரக்க ஒலிப்பதைச் சிறந்தது என்று நம்பிவிடுவது காதின் இயல்பு. அச்சோதனைக்குப் பிறகும் எஞ்சி நிற்கும் வேறுபாடு ஏதேனும் இருந்தால் அதுவே கருவியின் தரம். அதற்கு முன் பேசப்படுவதெல்லாம் பணப்பையின் தரம்.