வெள்ளைக் கோட்டில் ஒன்பது நாள்

மிஷ்லின் என்றால் நம்மில் பலருக்கு டயர். கொஞ்சம் வசதியானவர்களுக்கு ஓட்டல் ஸ்டார். எனக்கு மேப்.

1889-ல் பிரான்ஸின் கிளேர்மோன் ஃபெரான் ஊரில் அண்ணன் தம்பி இருவர் ஆரம்பித்த ரப்பர் கம்பெனி. 1891-ல் சுலபமாகக் கழற்றி மாட்டுகிற சைக்கிள் டயர் செய்தார்கள். அப்புறம் கார் வந்தது. ஜனங்கள் வீட்டிலேயே கிடந்தால் டயர் எப்படித் தேயும்? தேயாவிட்டால் எப்படி விற்கும்? ஊர் சுற்றக் கிளப்பிவிட கைடு போட்டார்கள், மேப் போட்டார்கள். காமர்ஸ் படித்தவர்கள் எழுந்து நின்று கும்பிட வேண்டிய யுக்தி.

அந்த மேப்பில் சிவப்புக் கோடு என்றால் பெரிய ரோடு, லாரி, புகை. மஞ்சள் என்றால் நடுத்தரம். வெள்ளைக் கோடு ஒன்று இருக்கிறது பாருங்கள், நூல் மாதிரி, எங்கேயோ ஆரம்பித்து எதற்கோ வளைந்து எங்கேயோ முடியும். கார்க்காரன் அதைத் திரும்பியே பார்க்கமாட்டான். சைக்கிள்காரனுக்கு அதுதான் ராஜபாட்டை. பிரான்ஸில் மொத்தம் சுமார் 11 லட்சம் கிலோமீட்டர் ரோடு. அதில் மோட்டார்வேயும் தேசிய சாலையும் சேர்ந்து 20,000 சொச்சம்தான். மீதியெல்லாம் மாவட்டச் சாலை, கிராமச் சாலை. அதாவது நம் சொத்து.

போன வருஷம் செப்டம்பரில் இந்த வெள்ளைக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு ஒன்பது நாள் சைக்கிள் மிதித்தேன். கூட வந்தவன் கல்லூரி நண்பன், லியோனில் சாஃப்ட்வேர் உத்தியோகம். சைக்கிளும் அவன் உபயம். ஷாலோன் நகரில் கிளம்பி க்ளூனி. அங்கிருந்து ஷரோலே மேடுகளைத் தாண்டி திகுவான். பிறகு கால்வாயும் லுவார் நதியும் கையைப் பிடித்து அழைத்துப்போக நெவேர், ப்ரியார், ஓர்லியான். 450 கி.மீ.க்குப் பக்கம். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு ஐம்பது. அம்பத்தூரிலிருந்து தரமணிக்கு ஆபீஸ் போய் வருகிறவர் அதைவிட அதிகம் போகிறார், என்ன, பஸ்ஸில் நின்றுகொண்டு.

முதல் நாள் ரயில் பாதை. ரயிலை நிறுத்திவிட்டு, தண்டவாளத்தைப் பிடுங்கி, தார் போட்டு 1997-ல் சைக்கிளுக்குத் திறந்துவிட்ட பாதை. நாட்டின் முதல் 'பசுமை வழி' என்று பெயர் வாங்கியது. ரயிலுக்காகப் போட்ட சரிவு என்பதால் ஏறுகிறோம் என்பதே முழங்காலுக்குத் தெரியாது. பழைய ஸ்டேஷன் கட்டடங்கள் இருக்கின்றன. அசப்பில் ஏதாவது பாசஞ்சர் வந்துவிடுமோ என்று நான் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். இரு பக்கமும் திராட்சை. க்ளூனியில் ஒரு மடாலயம். ரோமில் இன்றைய செயின்ட் பீட்டர்ஸ் எழும்பும்வரை கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய சர்ச். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அதை விற்று, பெரும்பகுதியைக் கல் கல்லாகப் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள்.

அடுத்த நாள் முழங்காலுக்குத் தெரிந்துவிட்டது. ஷரோலே பகுதி பூரா மேடும் பள்ளமும். உயிர்வேலி போட்ட புல்வெளிகள், அதில் வெள்ளை மாடுகள். இந்த மாடுகளுக்கு ஒரு வழக்கம். லாரி போனால் நிமிராது. சைக்கிள் வந்தால் மொத்தமும் மேய்வதை நிறுத்திவிட்டு, புது மேனேஜர் உள்ளே நுழைந்ததும் நிமிரும் கிளார்க்குகள் மாதிரி ஒன்றாகத் தலையைத் தூக்கிப் பார்க்கும். நாம் தாண்டியதும் பழையபடி வேலையில் இறங்கும். காலை பத்திலிருந்து பதினொன்று வரை எண்ணினோம். எங்களைத் தாண்டிய கார் மூன்று. அந்த மூன்றும் ஒன்றரை மீட்டர் தள்ளி ஒதுங்கிப் போயின. அங்கே அது சட்டம். ஜாக்கிரதையாக இருக்கவேண்டியது டிராக்டரிடம்தான். போர்டு எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவனுக்கே முன்னுரிமை என்பதால், சந்திலிருந்து டிராக்டர்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வருவார்.

"ஆபீஸ்ல எப்படிடா ஒன்பது நாள் விட்டாங்க?" என்றேன், ஒரு ஏற்றத்தின் உச்சியில், மூச்சு வந்ததும்.

"விடாம? வருஷத்துக்கு அஞ்சு வாரம் சம்பளத்தோட லீவு. எடுக்கலைன்னாதான் கூப்பிட்டுக் கேப்பாங்க."

எனக்கு லீவு கேட்க மேலதிகாரி கிடையாது. லீவு போட்டால் சம்பளமும் கிடையாது. ஆகவே பேச்சை மாற்றினேன். ஆனால் அந்த ஐந்து வாரத்துக்கு ஒரு கதை உண்டு. 1936 ஜூனில் லியோன் ப்ளூம் அரசாங்கம் தொழிலாளிகள் எல்லோருக்கும் சம்பளத்தோடு இரண்டு வாரம் லீவு என்று சட்டம் போட்டது. அதுவரை சம்பளத்தோடு லீவு என்பதைப் பெரும்பாலான ஃபாக்டரி ஆட்கள் கண்டதில்லை. அந்தக் கோடையில் புருஷனும் பெண்டாட்டியுமாக, இரண்டு பேர் மிதிக்கிற டாண்டம் சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பல பேர் கடலைப் பார்த்தது அப்போதுதான். இரண்டு வாரம் ஐந்தானது 1982-ல். நம் ஊரில் கேஷுவல் லீவுக்குப் பாட்டியைச் சாகடிக்கும் அன்பர்கள் இந்தத் தேதிகளைக் குறித்துக்கொள்ளலாம்.

இந்த மாதிரி சைக்கிள் சுற்றுக்கு ஆதிகுரு ஒருவர் இருக்கிறார். பால் த விவி. 1853-ல் பிறந்தவர். 'வெலோசியோ' என்பது புனைபெயர். பட்டு வியாபாரத்தை விட்டுவிட்டு சேன் எத்தியென் நகரில் சைக்கிள் கடை வைத்தார், பத்திரிகை நடத்தினார். சைவச் சாப்பாடு. ஏற்றத்துக்கு ஒன்று, சமதரைக்கு ஒன்று என்று கியர் மாற்றும் வசதி வேண்டும் என்று கரடியாகக் கத்தினார். டூர் த ஃப்ரான்ஸ் பந்தயத்தை ஆரம்பித்த தெக்ராஞ்சோ, கியரெல்லாம் 45 வயதைத் தாண்டியவர்களுக்கு என்று நக்கல் செய்தார். பந்தயத்தில் கியர் மாற்றும் கருவியை அனுமதித்தது 1937-ல்தான். வெலோசியோ 1930-லேயே டிராம் மோதி இறந்துவிட்டார். பசிக்கும் முன்னே சாப்பிடு, தாகமெடுக்கும் முன்னே குடி, வீம்புக்காக மிதிக்காதே என்பதெல்லாம் அவர் போட்ட கட்டளைகள். மூன்றாவது, முக்கியமாக என் நண்பனுக்கு.

தாகம் என்றதும் ஒரு டிப்ஸ். தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். விளையாட்டில்லை. ஏறக்குறைய எல்லாக் கிராமத்துக் கல்லறையிலும் பூச்செடிக்குத் தண்ணீர் விட ஒரு குழாய் இருக்கும். 'குடிக்க உகந்ததல்ல' என்று போர்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அங்கேயே தங்க நேரிடும்.

நெவேர் நெருங்கும்போது ஒரு கிராமம். திங்கட்கிழமை, மத்தியானம் ஒன்றரை. கடைத்தெரு என்று மேப் சொன்ன இடத்தில் ஆறேழு ஷட்டர், எல்லாம் இறக்கியிருந்தது. முனிசிபல் கட்டடத்துக்கு வெளியே ஏடிஎம் மாதிரி ஒரு மெஷின். காசு போட்டால் நீள ரொட்டி வரும். நாங்கள் அதை ஆராய்ந்துகொண்டிருந்தபோது ஒரு பாட்டி வந்தார், கையில் சில்லறையோடு. முதலில் 'போன்ழூர்' சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் அந்த நாட்டில் வழிகூடக் கேட்கமுடியாது. சொன்னோம். நண்பன் பிரெஞ்சில், "ஊர் ரொம்ப அமைதியா இருக்கு, அழகா இருக்கு" என்றான்.

பாட்டி ரொட்டியை இடுக்கிக்கொண்டு கையை நீட்டி ஒவ்வொரு ஷட்டராகக் காட்டிப் பேச ஆரம்பித்தார். நண்பன் எனக்குச் சுருக்கமாக மொழிபெயர்த்தான்: "அது பேக்கரியாம். அது கறிக்கடை. அது காபிக் கடை, இவங்க வீட்டுக்காரர் அங்கதான் சீட்டாடுவாராம். அதோ அது ஸ்கூல். பசங்க ரெண்டு பேரும் பாரீஸ்ல இருக்காங்க."

நியேவ்ர் மாவட்டம் அது. 1880-களில் அங்கே மூன்றரை லட்சம் பேர் இருந்தார்கள். இப்போது இரண்டு லட்சத்தை ஒட்டி. வடகிழக்கிலிருந்து தென்மேற்குவரை நாட்டைக் குறுக்கே வெட்டுகிற இந்தப் பட்டைக்கு 'வெற்று மூலைவிட்டம்' என்றே பூகோளக்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் மூன்றே கார் என்று நான் சந்தோஷமாக எண்ணினேனே, அந்த வரவுக்கு எதிர்ப்பக்கத்தில் பற்று எழுதியிருப்பது பாட்டியின் ஊரில். பி.காமில் டபுள் என்ட்ரி நடத்திய வாத்தியார் இந்த உதாரணத்தைச் சொல்லவில்லை. சைக்கிள் பாதை வந்தால் ஊர் பிழைக்கும் என்று சுற்றுலா ஆசாமிகள் சொல்கிறார்கள். லுவார் கரையில் ஓரளவு நிஜம்; காபிக் கடைகள், விடுதிகள் திறந்திருக்கின்றன. ஆனால் நாலு சைக்கிள்காரன் காபி குடிப்பதால் ஸ்கூல் திறக்காது.

முகாமுக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர். நண்பன் இரண்டு தடவை வாட்ச்சைப் பார்த்தான். பாட்டி பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் நின்றோம். புறப்படும்போது தன் தோட்டத்துத் தக்காளி ஆறு கொண்டுவந்து கொடுத்தார். ராத்திரி கூடாரத்தில் ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ், அந்தத் தக்காளி. வெலோசியோ ஆசீர்வதித்திருப்பார்.

அப்புறம் கால்வாய்க் கரை, நதிக் கரை. சமதரை, எதிர்காற்று. சான்ஸேர் குன்றின் திராட்சை, அதைத் தாண்டினால் பெல்வில் அணு மின் நிலையத்தின் இரண்டு கூலிங் டவர். விளம்பரப் படங்களில் அதை வராமல் எடுப்பார்கள். நிஜத்தில் அரை நாள் கூடவே வருகிறது. ப்ரியாரில் ஒரு அதிசயம்: நதிக்கு மேலே பாலம், பாலத்தின் மேலே தண்ணீர், தண்ணீரில் படகு. முன்பு சரக்குப் படகுகள் லுவாரைக் குறுக்கே கடந்துதான் எதிர்க் கால்வாய்க்குப் போகவேண்டும். வெள்ளம் வந்தாலும் ஆபத்து, வற்றினாலும் ஆபத்து. அதனால் 1896-ல் கால்வாயையே 662 மீட்டர் தூக்கிக் கடத்திவிட்டார்கள். அடியில் உள்ள கல்தூண்கள் டவர் புகழ் ஐஃபலின் கம்பெனி கட்டியது. நாங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். ஒரு படகு எங்களை நிதானமாக ஓவர்டேக் செய்தது. கீழே நதி வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: மே கடைசி அல்லது செப்டம்பர். ஆகஸ்ட் வேண்டாம், 1936-ல் கிளம்பியவர்களின் பேரன் பேத்தி எல்லோரும் அந்த மாதம்தான் லீவு போடுகிறார்கள். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை கடை திறந்திருக்கும் என்று நம்பாதீர்கள். ஞாயிறு, திங்களுக்கு ரொட்டியை முதல் நாளே வாங்கிவிடுங்கள். மெஷினுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.